வின்சென்ட் பாடத்தில் இடம்பெறாத பெண்கள்: மறைக்கல்விப் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மறைக்கல்விப் பாடநூல்களைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் அருட்தந்தையரே, அருட்சகோதரிகளே, ஆசிரியர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு பங்கில் ஞாயிறு மறைக்கல்வி எடுத்துவரும் பொதுநிலைப் பெண் நான். பதினேழாம் நூற்றாண்டு பிரான்சில் ஏழைகளுக்காக உழைத்த குரு புனித வின்சென்ட் தே பவுல் பற்றிய பாடத்தைக் குறித்து உங்களிடம் பேச வேண்டும். புதிய பதிப்பு அச்சுக்குப் போவதற்குள் உங்கள் கண்ணில் பட வேண்டும், மற்ற பங்குகளில் பாடம் எடுப்பவர்களும் படிக்க வேண்டும் என்பதால்தான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

இப்போதுள்ள பாடத்தில் அவர் விவசாயக் குடும்பத்தில் பிறந்தது, கடற்கொள்ளையரிடம் சிக்கித் துனிசில் அடிமையாக விற்கப்பட்டது, குருக்கள் சபை தொடங்கியது, கப்பலில் துடுப்பு வலிக்கும் தண்டனை பெற்ற துடுப்புக் கப்பல் கைதிகளுக்கு உதவியது எல்லாம் விரிவாக இருக்கிறது. பெண்கள் என்று வந்தால் ஒரே வரி: 1633-இல் பிறரன்புப் புதல்வியர் சபையை நிறுவினார். மேலே ஒரு படம், பனி கொட்டும் இரவில் அவர் கையில் ஒரு கைக்குழந்தை. அந்தச் சபையை அவரோடு சேர்ந்து உருவாக்கிய லூயிஸ் தே மரியாக்கின் பெயர் எங்கேயும் இல்லை, அதன் முதல் சகோதரியான மார்கரீத் நாசோவின் பெயரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். நம் பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு, ஒரு சாமியார் இரக்கப்பட்டார், அவர் சொன்னபடி சிஸ்டர்கள் வேலை செய்தார்கள் என்று புரிந்துகொண்டு போகிறார்கள். நடந்தது அதைவிடப் பெரிய கதை. அதைச் சொல்லாமல் விடுவதில் வின்சென்டுக்கும் பெருமை இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1617 ஆகஸ்டில் சாத்தியோன் என்ற சிற்றூரில் வின்சென்ட் பங்குத்தந்தை. ஒரு ஞாயிறு திருப்பலிக்கு அவர் உடை அணிந்துகொண்டிருக்கும்போது, ஊருக்குச் சற்றுத் தள்ளி ஒரு வீட்டில் எல்லாரும் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார்கள், பார்க்க ஆளில்லை என்று செய்தி வருகிறது. மறையுரையில் அதைச் சொல்கிறார். பிற்பகல் அவர் அந்த வீட்டுக்குப் போகும்போது வழியெல்லாம் உணவோடு போகிற வருகிற கூட்டம். இரக்கம் நிறைய இருக்கிறது, ஒழுங்குதான் இல்லை, இன்றைக்கு வந்து குவிவது நாளைக்குக் கெட்டுப்போகும், நாளை மறுநாள் பட்டினிதான் என்று அவருக்கு உறைக்கிறது. சில நாளிலேயே ஊர்ப் பெண்களைக் கூட்டி, யார் எந்த நாள் சமைத்துக் கொண்டுபோவது என்று முறை வகுக்கிறார்கள். முதல் பிறரன்புக் குழு அதுதான்.

அந்தக் குழுவுக்கு எழுதிய விதிகள் இன்றைக்கும் கிடைக்கின்றன. தயவுசெய்து அதில் ஒரு பகுதியையாவது பாடத்தில் போடுங்கள். நோயாளியை முகமலர்ச்சியோடு வாழ்த்த வேண்டும், படுக்கை மேல் தட்டை வைத்து, துணி விரித்து, கோப்பையும் கரண்டியும் ரொட்டியும் எடுத்து வைக்க வேண்டும், கை கழுவிவிட வேண்டும், இறைச்சியைச் சின்னச் சின்னதாக வெட்டிக் கொடுக்க வேண்டும், சொந்த மகனுக்கு ஊட்டுவது போல அன்பாகச் சாப்பிட வைக்க வேண்டும். இதோடு நிற்கவில்லை. துணைக்கு ஆள் உள்ள நோயாளிகளை முதலில் பார்த்துவிட்டு, தனியாக இருப்பவர்களிடம் கடைசியில் போக வேண்டும், அப்போதுதான் அவர்களோடு கூடுதல் நேரம் உட்கார முடியும் என்று அதில் இருக்கிறது. இதை யோசித்தவர்கள் நோயாளி வீட்டு வாசற்படியை மிதித்தவர்களாகத்தான் இருக்க முடியும். நம் அன்பியங்களில், அதாவது பங்கின் சிறு குடும்பக் குழுக்களில், நோயாளிகளைச் சந்திக்கப் போகிறவர்களுக்குக்கூட இதை வாசித்துக் காட்டலாம்.

இன்னொன்றும் உண்டு, பங்குப் பேரவையில் உட்காருகிறவர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது. இந்தக் குழுக்களின் பணப்பெட்டியும் கணக்கும் பெண்கள் கையில் இருந்தன. சில ஊர்களில் ஆண்களையும் பெண்களையும் ஒரே குழுவில் சேர்த்துப் பார்த்தார் வின்சென்ட். ஒத்துவரவில்லை. ஆண்கள் நிர்வாகத்தை முழுவதும் தங்கள் கைக்குள் எடுக்கப் பார்த்தார்கள், பெண்கள் அதற்கு விடவில்லை. பெண்களின் நிர்வாகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவ்வளவு கவனமாகவும் நேர்மையாகவும் நடத்துகிறார்கள் என்று பிற்காலத்தில் ஒரு கடிதத்தில் அவரே பதிவு செய்திருக்கிறார்.

அப்புறம் இந்தக் குழுக்கள் ஊர் ஊராகப் பரவியபோது, அவற்றைப் போய்ப் பார்த்து, கணக்கைச் சரிபார்த்து, சோர்ந்துபோன குழுவைத் தட்டி எழுப்பி, அங்கேயே பெண்பிள்ளைகளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் சொல்லிக் கொடுக்க ஆள் தேடி வைத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? 1629 மே மாதத்திலிருந்து அந்த வேலையைச் செய்தவர் லூயிஸ் தே மரியாக். 1591-இல் பெரிய பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்த குழந்தை என்ற சுமையோடு வளர்ந்தவர். 1625 டிசம்பரில் கணவரை இழந்தார். கையில் பன்னிரண்டு வயது மகன். நம் ஊரிலும் ஒரு காலத்தில் இப்படிப்பட்ட பெண்ணுக்கு வீட்டின் பின்கட்டுதான் ஒதுக்கப்பட்டிருக்கும். இவர் குதிரை வண்டியில் ஊர் சுற்றினார்.

பாரிசுக்கு வந்தபோது சிக்கல் வேறு மாதிரி இருந்தது. அங்கே குழுவில் சேர்ந்தவர்கள் சீமாட்டிகள். பணம் கொடுக்க மனம் இருந்தது, ஆனால் சூப்புப் பானையைத் தூக்கிக்கொண்டு இடுக்குச் சந்துகளில் நாலு மாடி ஏறி நோயாளியின் சீழைத் துடைப்பது அவர்களால் ஆகவில்லை, வீட்டு வேலைக்காரிகளை அனுப்பினார்கள். கூலிக்கு வந்த அந்தப் பெண்களுக்கு அதில் ஈடுபாடு எப்படி இருக்கும்? அவர்களையும் குறை சொல்ல முடியாது. இந்த இடத்தில்தான் மார்கரீத் நாசோ வருகிறார், என்னைக் கேட்டால் பாடமே இவரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1594-இல் பாரிசுக்கு அருகே சுரேன் என்ற கிராமத்தில் பிறந்தவர், மாடு மேய்த்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. ஓர் அரிச்சுவடி வாங்கிக்கொண்டு, மேய்ச்சலில் இருக்கும்போது அந்த வழியாகப் போகிறவர்களில் படிக்கத் தெரிந்தவர் மாதிரித் தெரிகிறவரை நிறுத்தி, இது என்ன எழுத்து, இந்தச் சொல் என்ன என்று கேட்டுக் கேட்டே படிக்கக் கற்றுக்கொண்டார். கற்றதோடு விடாமல் ஊர் ஊராகப் போய் மற்றப் பெண்பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார், சாப்பாட்டுக்கு வழியில்லாத நாட்களிலும். 1630 வாக்கில் வின்சென்டிடம் வந்து நோயாளிகளுக்குப் பணி செய்ய நான் தயார் என்றார். யாரும் அழைக்காமல் தானாக வந்த பெண் அவர். அவரைப் பார்த்துத்தான் மற்றக் கிராமத்துப் பெண்கள் வந்தார்கள். 1633 பிப்ரவரியில், கொள்ளைநோய் கண்ட ஒரு பெண்ணைத் தன் படுக்கையிலேயே படுக்க வைத்துக்கொண்டதால் அந்த நோய் தொற்றி இறந்துபோனார். லூயிஸ் தன் வீட்டில் இந்தப் பெண்களைச் சேர்த்து ஒரு சமூகமாக வாழத் தொடங்கியது அதே ஆண்டு நவம்பர் 29. அதாவது, நாம் சபை நிறுவப்பட்டது என்று எழுதும் நாளுக்கு ஒன்பது மாதம் முன்னாலேயே அதன் முதல் உறுப்பினர் அடக்கம் செய்யப்பட்டுவிட்டார். வின்சென்டே இவரைத்தான் முதல் சகோதரி என்று சொல்லி, மற்றவர்களுக்கு முன்மாதிரியாகக் காட்டினார். பிறகு நாம் ஏன் அவர் பெயரை விட்டுவிட்டோம்?

சரி, அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். புத்தகத்தில் இதைப் போட உங்களுக்குத் தயக்கம் இருக்கும் என்பதும் தெரியும்.

இன்றைக்கு நம் பிள்ளைகள் மருத்துவமனையிலும் பள்ளியிலும் சாலையிலும் சிஸ்டர்களைப் பார்த்தே வளர்கிறார்கள். துறவறப் பெண்கள் என்றாலே இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறார்கள். 1633-இல் அது சட்டப்படி முடியாத காரியம். 1563-இல் ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் கன்னியர் மடங்களின் அடைப்பை, அதாவது மடத்தை விட்டு வெளியே போகக் கூடாது என்ற விதியை, இறுக்கியது. 1566-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ் அதை இன்னும் விரித்து, துறவற வாழ்வு வேண்டும் என்கிற பெண்கள் கடவுளுக்குக் கொடுக்கும் உறுதிமொழியான வார்த்தைப்பாட்டை நிரந்தரமாகக் கொடுத்து மதிலுக்குள் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது ஒரு பெண்ணுக்கு இருந்த வழி இரண்டுதான், கணவன் வீடு அல்லது மடத்து மதில். சொத்துப் பேச்சும் இதில் கலந்திருந்தது. நிரந்தரமாக உள்ளே போகாத பெண் நாளைக்குத் திரும்பி வந்து பங்கு கேட்டால் என்ன செய்வது என்ற பயம் வசதியான குடும்பங்களுக்கு இருந்தது.

இந்த மதிலில் முட்டிக்கொண்டவர்கள் சாதாரணப் பெண்கள் இல்லை. இத்தாலியின் பிரெசியாவில் 1535-இல் ஏஞ்சலா மெரிசி தொடங்கிய உர்சுலா குழுவில் பெண்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே இறைவனுக்கு அர்ப்பணித்து வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் பிரான்சில் அந்தக் குழுக்களில் பெரும்பாலானவை அடைபட்ட மடங்களாக மாறின. 1610-இல் அன்னசியில் புனித பிரான்சிஸ் சலேசியாரும் விதவையான ஜேன் தே சாந்தாலும் தொடங்கிய விசிட்டேஷன் சபையின் பெண்கள் முதலில் ஏழை நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனித்தார்கள். லியோனில் ஒரு வீடு திறந்தபோது அந்த ஊர்ப் பேராயர் அடைப்பு வேண்டும் என்று நின்றார். 1618-இல் அதுவும் அடைபட்ட சபையாகிவிட்டது. இரண்டு பேரும் புனிதர்கள், அவர்களாலேயே அதைக் காப்பாற்ற முடியவில்லை.

மேரி வார்டு என்ற ஆங்கிலேயப் பெண்ணுக்கு நடந்தது இதைவிட மோசம். 1609-இல் செயின்ட் ஓமர் நகரில் தோழிகளோடு சேர்ந்து, அடைப்பில்லாமல், இயேசு சபையாரைப் போல எங்கும் போய்ப் பணி செய்யும் ஒரு சபையைத் தொடங்கினார். பல நகரங்களில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார்கள். 1631-இல் திருத்தந்தை எட்டாம் உர்பான் அந்தச் சபையையே கலைத்துவிட்டார். மேரி வார்டை மியூனிக்கில் ஒரு மடத்தில் அடைத்து வைத்தார்கள். எலுமிச்சைச் சாற்றால் கண்ணுக்குத் தெரியாமல் கடிதம் எழுதித் தோழிகளோடு தொடர்பு வைத்துக்கொண்டார் அவர். 1909-இல்தான் அவரை நிறுவுநர் என்று சொல்லவே அனுமதி கிடைத்தது, 2009-இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் அவரைப் புனிதர் நிலைக்கான ஒரு படியான வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். திருச்சபையே தன் தீர்ப்பைத் திருத்திக்கொண்ட பிறகு, அதைப் பிள்ளைகளிடம் சொல்ல நாம் ஏன் பயப்பட வேண்டும்? பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் இதைத் தாங்கமாட்டார்கள் என்று யாராவது சொன்னால், அவர்கள் வகுப்புக்கு வந்து அந்தப் பிள்ளைகளின் கேள்விகளை ஒரு மணி நேரம் கேட்கட்டும்.

கலைப்பு ஆணை வந்தது 1631, லூயிஸ் வீட்டில் பெண்கள் கூடியது 1633. அந்த இரண்டு வருட இடைவெளியைப் பிள்ளைகளுக்குக் காட்டினாலே போதும், அந்தப் பெண்கள் எவ்வளவு பெரிய காரியத்தில் இறங்கினார்கள் என்பது விளங்கிவிடும்.

எப்படித் தப்பித்தார்கள்? துறவிகள் என்று சொல்லிக்கொள்ளவே இல்லை. பொதுநிலைப் பெண்களின் குழு என்றார்கள். துறவி உடை கிடையாது, அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் உடுத்தும் சாம்பல் நிற உடைதான். நிரந்தர வார்த்தைப்பாட்டுக்குப் பதிலாக வருடத்துக்கு ஒருமுறை எடுக்கும் வார்த்தைப்பாடு வழக்கமானது, இன்றைக்கும் பிறரன்புப் புதல்வியர் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆயர் யாராவது நீங்கள் துறவிகளா என்று கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள் என்று வின்சென்ட் சொல்லிக் கொடுத்தார். துறவி என்றால் அடைப்பு, இவர்களோ எங்கும் போக வேண்டியவர்கள். நோயாளிகளின் வீடுதான் அவர்களுக்கு மடம், வாடகை அறை சிற்றறை, பங்குக் கோயில் சிற்றாலயம், நகரத் தெருக்கள்தான் மதில் சூழ்ந்த முற்றம் என்று அவர் சொன்னது புகழ்பெற்றது. பலர் அதைக் கவிதை போல வாசித்துவிட்டுப் போகிறோம். மதிலுக்குள் தள்ளப்பட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சொல்லப்பட்ட வார்த்தைகள் அவை.

லூயிஸ் இதில் எவ்வளவு தெளிவாக இருந்தார் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். 1646-இல் பாரிஸ் பேராயரின் அங்கீகாரம் கிடைத்தது, ஆனால் அதில் இந்தப் பெண்கள் பேராயரின் கீழ் என்று இருந்தது. ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒவ்வோர் ஆயர் ஒவ்வொரு விதமாக வளைத்துவிடுவார், கடைசியில் அடைப்புதான் வரும் என்று லூயிஸ் பயந்தார். வின்சென்டின் சபைத் தலைவரின் கீழ்தான் இருக்க வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றார், பிரான்சின் அரசி ஆன் மூலமாகத் திருத்தந்தை வரைக்கும் விண்ணப்பம் போயிற்று. வின்சென்டே இவ்வளவு அவசரம் காட்டவில்லை. 1655-இல் பாரிஸ் பேராயர் கர்தினால் தே ரெட்ஸ் கையெழுத்திட்ட இரண்டாவது அங்கீகாரம் லூயிஸ் கேட்டபடியே வந்தது. பாடத்தில் ஒரு வார்த்தைகூடப் பெறாத இந்தப் பெண்ணின் பிடிவாதம் இல்லாவிட்டால் அந்தச் சபை இன்னொரு விசிட்டேஷன் ஆகியிருக்கும் என்பதே என் எண்ணம்.

குழந்தை படத்துக்கு வருகிறேன். பாரிசில் வீதியிலும் கோயில் வாசலிலும் விடப்படும் குழந்தைகள் வருடத்துக்கு முந்நூறு நானூறு. அவர்களை வைத்திருந்த இல்லத்தில் அநேகமாக எல்லாக் குழந்தைகளும் செத்துக்கொண்டிருந்தன, சிலவற்றை எட்டுக் காசுக்குப் பிச்சைக்காரர்களுக்கு விற்றார்கள் என்று வின்சென்டே பேசியிருக்கிறார். 1638-இல் பெண்கள் அந்தப் பொறுப்பை எடுத்தார்கள், முதலில் பன்னிரண்டு குழந்தைகளோடு. அது எப்படி நடந்தது? சீமாட்டிகள் பணம் திரட்டினார்கள். புதல்வியர் கிராமங்களில் பாலூட்டும் தாய்மாரைத் தேடிக் குழந்தைகளை ஒப்படைத்து, போய்ப் பார்த்துக் கண்காணித்து, பால் மறந்த பிறகு திரும்பக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 1649 வாக்கில் உள்நாட்டுக் கலவரத்தில் பணம் வற்றிப்போய், கூலி கிடைக்காத தாய்மார்கள் குழந்தைகளைத் திரும்பக் கொண்டுவந்து விட, துணி இல்லை, ரொட்டி இல்லை என்று லூயிஸ் எழுதிய கடிதங்களைப் படித்தால் மனம் பதறும். பனியில் தனியாக நிற்கும் சாமியார் படத்தில் இதில் எதுவும் இல்லை.

துடுப்புக் கப்பல் கைதிகளின் கதையிலும் இதே குறைதான். 1640-லிருந்து அவர்களுக்குச் சமைத்து, துணி துவைத்து, புண்ணுக்கு மருந்து போட்டவர்கள் இந்தப் பெண்கள். பார்ப் ஆன்ஜிபூ என்ற சகோதரி கொடுத்த சூப்பையும் இறைச்சியையும் கைதிகள் தரையில் வீசி வாய்க்கு வந்தபடி திட்டினால், அவர் ஒன்றும் சொல்லாமல் குனிந்து பொறுக்கி எடுத்து, முன்னைவிடக் கனிவாகப் பேசுவாராம். காவலர்கள் கைதிகளை அடிக்க வந்தபோது தடுத்ததும் அவர்தான். இதே பார்பை முன்பு ஒரு கோமகள் தன் மாளிகையில் வைத்துக்கொள்ள விரும்பியபோது, நான் ஏழைகளுக்குப் பணி செய்யத்தான் அப்பா அம்மாவை விட்டு வந்தேன் என்று அழுது திரும்பிவிட்டார்.

இவ்வளவு விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது என்றால், அதற்கும் அந்தப் பெண்களே காரணம். வின்சென்ட் அவர்களோடு வட்டமாக உட்கார்ந்து பேசுவார், கேள்வி கேட்பார், அவர்கள் சொல்வதைக் கேட்பார். லூயிசும், எலிசபெத் எல்லோ, மத்தூரின் கெரன் போன்ற சகோதரிகளும் அதை எழுதி வைத்தார்கள். ஜெபத்தை நிறுத்திவிட்டு ஏழையிடம் ஓட வேண்டி வந்தால் அது கடவுளைக் கடவுளுக்காக விடுவதுதான் என்று அவர் சொன்னதை எத்தனை மறையுரையில் கேட்டிருக்கிறோம்! அவர் அதை இந்தப் பெண்களிடம்தான் சொன்னார், அவர்களில் ஒருத்தர் எழுதி வைத்ததால்தான் அது நம் காதுக்கு வந்தது.

ஆகவே கேட்கிறேன். பாடத்தை மார்கரீத்திலிருந்து தொடங்குங்கள். லூயிசுக்கு வின்சென்டுக்குச் சமமான இடம் கொடுங்கள், 1934-இல் புனிதராக உயர்த்தப்பட்டு, 1960-இல் சமூகப் பணியாளர்களின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டவருக்கு இது அதிகமில்லை. அடைப்புச் சட்டத்தையும் மேரி வார்டையும் ஒரு பத்தியிலாவது ஒளிக்காமல் சொல்லுங்கள். படத்தை மாற்றுங்கள். லூயிசுக்குத் தனிப் பாடம் பிறகு பார்க்கலாம் என்று மட்டும் ஒத்திப்போடாதீர்கள். அவருடைய திருநாள் இப்போது மே 9, அப்போது நமக்குக் கோடை விடுமுறை, வகுப்பே கிடையாது. செப்டம்பர் 27-ஐ ஒட்டி வரும் இந்தப் பாடத்தில் அவர் வராவிட்டால் பிள்ளைகளுக்கு அவர் வரப்போவதே இல்லை.

பக்கம் போதாது என்றால் துனிசு அடிமைக் கதையை இரண்டு வரியாகச் சுருக்குங்கள், அது நடந்ததா என்பதிலேயே வரலாற்று ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. மார்கரீத்தைப் பற்றியும் சாத்தியோன் விதிகளைப் பற்றியும் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி ஒரு வரைவு எழுதி வைத்திருக்கிறேன். குழுவில் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று பங்குத்தந்தை வழியாகச் சொல்லியனுப்பினால் இந்த வாரமே அனுப்பிவிடுவேன், வேண்டிய இடத்தில் வெட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவில் அன்புடன்,
ஒரு மறைக்கல்வி ஆசிரியை